திண்டுக்கல் மாவட்டச் சாலை, ஊர்த் தரவு: எவ்வளவு நம்பலாம் என்று அளப்பது எப்படி?

வேடசந்தூரான் எழுதியது:

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடமாடும் மருத்துவ வண்டிகளுக்கு வழித்தடம் போட வேண்டியிருக்கிறது. கையில் மூன்று தரவுகள் உள்ளன. ஒன்று, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் (இனி ஓஎஸ்எம்) சாலைகள்; ஜியோஃபாப்ரிக் தளத்திலிருந்து ஷேப்ஃபைலாக (வரைபடத் தரவுக் கோப்பு வகை) இறக்கியவை. இரண்டு, செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினியே வரைந்த கட்டட எல்லைகள். மூன்று, ஊர்ப் பெயர்களும் துணை சுகாதார நிலையங்களும் உள்ள ஒரு ஷேப்ஃபைல். கடைசியாகச் சொன்னதை யார், எப்போது, எதிலிருந்து எடுத்தார்கள் என்று எந்தக் குறிப்பும் இல்லை.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பொருந்துகிறது. சில இடங்களில் சாலைக் கோடு வீட்டுக்கூரை மேல் ஏறிப் போகிறது. "பார்வைக்குச் சரியாக இருக்கிறது" என்று அறிக்கையில் எழுத முடியாது, எண் வேண்டும். என் கேள்விகள்:

இடத்துல்லியத்தை எதோடு ஒப்பிடுவது, எத்தனை புள்ளிகள் போதும்? 1:50,000 டோபோ ஷீட்டின் (நில அளவைத் துறையின் வரைபடத் தாள்) பழைய ஸ்கேன் இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாமா? விடுபட்ட சாலைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊர்ப் புள்ளிகள் சரியான இடத்தில்தான் இருக்கின்றனவா என்று எல்லா ஊருக்கும் போகாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

---

கோணமானி எழுதியது:

முதலில் அந்த டோபோ ஷீட்டை ஒதுக்கி வையுங்கள். இந்த வேலைக்கு அது ஆகாது. 1:50,000 அளவில் தாளில் அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். அந்த அளவு வரைபடத்தில் சாலையும் ரயில் பாதையும் ஒட்டி ஓடினால், இரண்டும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றைத் தள்ளி வரைவதும் வழக்கம். அதற்கும் மேலாக, உங்கள் பகுதிக்கான பழைய 58 எஃப், 58 ஜே ஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்வட்டகத்தை (பூமியின் வடிவத்துக்கான பழைய கணித மாதிரி) அடிப்படையாகக் கொண்டவை. அதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்து ஏற்றினால் எல்லாமே ஒரே திசையில் 100 மீட்டருக்கும் கூடுதலாக நகர்ந்து நிற்கும். 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த திறந்த வரிசை ஷீட்டுகளில் இந்த நீள்வட்டகச் சிக்கல் இல்லை, ஆனால் 25 மீட்டர் சிக்கல் அப்படியே இருக்கிறது.

எதோடு ஒப்பிடுகிறோமோ அது, சோதிக்கப்படும் தரவைவிடக் குறைந்தது மூன்று மடங்கு துல்லியமாக இருக்க வேண்டும். அதைப் போலவே முக்கியம், அது சுதந்திரமான மூலமாக இருப்பது. ஓஎஸ்எம் சாலை எந்தச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரையப்பட்டதோ, அதே படத்தின் மேல் போட்டு "பொருந்துகிறது" என்றால் வரைந்தவரின் கை நடுங்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். அந்தப் படமே 7 மீட்டர் நகர்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. நீங்கள் சொன்ன "பெரும்பாலும் பொருந்துகிறது" இந்த வகையாக இருக்கலாம்.

ஆகவே களத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் கார்ஸ் நிலையங்களோடு (இடைவிடாமல் ஜிபிஎஸ் திருத்தம் தரும் நிலையங்கள்) இணைத்து, அந்தத் திருத்தத்தை உடனுக்குடன் பயன்படுத்தும் ஆர்டிகே கருவியில் எடுத்தால் சில சென்டிமீட்டருக்குள் கிடைக்கும். கருவி கிடைக்காவிட்டால், இரட்டை அலைவரிசை உள்ள கைப்பேசியை வைத்துத் திறந்த வெளியில் எடுக்கலாம். அதன் பிழை 3 முதல் 5 மீட்டர். மூன்று மடங்கு விதிப்படி பார்த்தால் 10–15 மீட்டருக்கு உட்பட்ட தரவுதானா என்று மட்டுமே அதைக் கொண்டு சொல்ல முடியும். ஒரே இடத்தில் மூன்று நிமிடம் நின்று சராசரி எடுப்பது பலர் நினைக்கிற அளவுக்கு உதவாது; அந்த மூன்று நிமிடமும் பிழை ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கும். வேறொரு நேரத்தில் திரும்ப வந்து எடுத்துச் சராசரி பார்த்தால் பலன் உண்டு. குறுகிய கடைத்தெருவில் சுவரில் பட்டுத் திரும்பும் அலையால் 10 மீட்டருக்கு மேலும் பிசகும். அங்கே கைப்பேசி அளவீட்டை நம்பவே வேண்டாம்.

புள்ளி எங்கே எடுப்பது? படத்திலும் தரையிலும் ஐயமின்றி ஒன்றாகத் தெரிகிற இடம்: இரண்டு குறுகிய சாலைகள் செங்குத்தாகச் சந்திக்கும் இடம், சிறு பாலத்தின் மூலை. வளைவு, கூர்ங்கோணத்தில் பிரியும் சாலை இரண்டும் வேண்டாம். சந்திப்பு அகலமாக இருந்தால் நான்கு மூலைகளையும் அளந்து நடுவைக் கணக்கிடுங்கள். நடுவில் போய் நின்று அளப்பது ஆபத்து, துல்லியமும் கிடைக்காது.

எண்ணிக்கை: அமெரிக்காவின் 1998 இடத்தரவுத் துல்லியத் தரநிலை குறைந்தது 20 புள்ளிகள் கேட்கிறது. அங்குள்ள ஒளிப்பட அளவையியல் சங்கமான ஏஎஸ்பிஆர்எஸ்ஸின் 2023 பதிப்பு அதை 30 ஆக்கிவிட்டது. உங்கள் மாவட்டம் 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். நகரம், சமவெளி, மலை மூன்றும் மூன்று விதம். மூன்றுக்கும் தனித்தனியாக 30 எடுங்கள், கலக்காதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் நான்கு கால்பகுதிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு கால்பகுதியிலும் ஐந்தில் ஒரு பங்குப் புள்ளிகளாவது விழ வேண்டும். பிரதான சாலை ஓரமாகவே எல்லாப் புள்ளியும் எடுத்து முடிப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. பிரதான சாலையைப் பலர் திருத்தியிருப்பார்கள். உள்கிராமச் சாலையை ஒருவர் ஒருமுறை வரைந்ததோடு சரி.

கணக்கிடும்போது எல்லாவற்றையும் யுடிஎம்முக்கு (உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ஆயத்தொலைவு முறை) மாற்றுங்கள். திண்டுக்கல் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே 78 பாகைத் தீர்க்கரேகை போகிறது, அதாவது பழனி 43ஆம் மண்டலம், நத்தம் 44ஆம் மண்டலம். மாவட்டம் முழுவதற்கும் 43 வடக்கு என்று ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ஓரத்தில் நீளம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதலாகக் காட்டும், இந்த வேலைக்கு அது ஒன்றும் செய்யாது. இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் முறையில் மட்டும் அளக்காதீர்கள். நம் அட்சரேகையில் நீளம் 1.7 விழுக்காடு, பரப்பு 3.4 விழுக்காடு ஊதிவிடும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் வரைபட மதிப்பிலிருந்து கள மதிப்பைக் கழித்து, கிழக்கு வேறுபாடு, வடக்கு வேறுபாடு என இரண்டு நிரல் போடுங்கள். எல்லோரும் நேரே ஆர்எம்எஸ்இக்குப் (பிழை வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) போய்விடுகிறார்கள். அதற்கு முன் சராசரியும் திட்ட விலக்கமும் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, கிழக்கில் சராசரி +5.8 மீ, திட்ட விலக்கம் 1.9 மீ, வடக்கில் சராசரி −3.1 மீ, திட்ட விலக்கம் 1.7 மீ என்று வைத்துக்கொள்வோம். ஆர்எம்எஸ்இ கிழக்கில் 6.1, வடக்கில் 3.5, இரண்டும் சேர்ந்து 7.05 மீ வரும். இந்த ஓர் எண்ணை மட்டும் எழுதினால் சுமாரான தரவு என்று தோன்றும். ஆனால் பிழையில் பெரும்பகுதி, எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாக 6.6 மீ தள்ளி நிற்பதால் வந்தது. அந்த நகர்வைக் கழித்தால் எஞ்சும் சிதறல் 2.55 மீ. அதை 1.7308ஆல் பெருக்கினால் 4.4 மீ, நூற்றுக்கு 95 புள்ளிகள் அந்தத் தொலைவுக்குள் இருக்கும் என்று எழுதலாம். நகர்வைக் கழிக்காமலே 7.05ஐ 1.7308ஆல் பெருக்கி 12.2 மீ என்று எழுதுகிற அறிக்கைகள் ஏராளம். நகர்வு இல்லாமல், இரண்டு திசையிலும் சிதறல் ஒரே அளவாக இருந்தால்தான் அந்தப் பெருக்கெண்ணே செல்லும்.

நகர்வைத் திருத்தினால், எந்தப் புள்ளிகளை வைத்து நகர்வைக் கண்டுபிடித்தீர்களோ அவற்றையே வைத்துச் சரிபார்க்காதீர்கள். பாதியை வைத்துத் திருத்தி, மீதியில் சோதியுங்கள்.

---

முச்சந்தி எழுதியது:

கோணமானி சொன்னதில் ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வேடசந்தூரான், உங்கள் தேவை வண்டி ஓட்டுவது. அதற்கு 7 மீட்டர் நகர்வு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு சாலைக் கோடுகளுக்கு நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதுதான் கெடுதல். கண்ணுக்குச் சேர்ந்தாற்போலத் தெரியும், வழித்தட மென்பொருளுக்கு அங்கே சாலையே கிடையாது. வண்டியை 14 கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகச் சொல்லும். களப்பணிக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

முதல் வேலை, ஜியோஃபாப்ரிக் ஷேப்ஃபைலை விட்டுவிட்டுத் தென் மண்டலத்தின் பிபிஎஃப் கோப்பை (ஓஎஸ்எம்மின் எல்லா நிரல்களும் உள்ள சுருக்கக் கோப்பு) இறக்குங்கள். இலவச ஷேப்ஃபைலில் சாலை வகை, பெயர், ஒருவழி, வேக வரம்பு, பாலம் போன்ற சில நிரல்கள்தாம் உண்டு. சாலையின் மேற்பரப்பு, அகலம், உயரக் கட்டுப்பாடு, தமிழ்ப் பெயர், திரும்பத் தடை எதுவுமே அதில் வராது. "ஓஎஸ்எம்மில் மேற்பரப்புத் தகவல் இல்லை" என்று சிலர் முடிவு கட்டுவது இந்தக் கோப்பைப் பார்த்துத்தான்.

பிறகு இணைப்புச் சோதனை. கியூஜிஐஎஸ்ஸில் டிஸ்கனெக்டட் ஐலண்ட்ஸ் என்ற செருகுநிரல் இருக்கிறது. சாலை வலையில் எத்தனை துண்டுகள் தனித்தனியே கிடக்கின்றன என்று எண்ணிட்டுக் காட்டும். பெரிய துண்டு ஒன்று, மற்றதெல்லாம் தீவுகள். ஒவ்வொரு தீவையும் திறந்து பாருங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: கோடு சந்திப்பைத் தொடாமல் நின்றுவிட்டது, அல்லது தாண்டிப் போயும் பொது முனை (கோட்டை உருவாக்கும் புள்ளி) இல்லை, அல்லது நடுவில் ஒரு சாலை வரையப்படவே இல்லை. இவற்றை மொத்தமாக ஒட்டவைக்கும் ஆசை வரும், வேண்டாம். கிராஸ் என்ற மென்பொருளில் வி.கிளீன் கட்டளையின் பிரேக் கருவியை (கோடுகள் குறுக்கிடும் இடமெல்லாம் வெட்டுவது) ஓட்டினால் மேம்பாலமும் அதன் கீழே போகும் சாலையும் ஒரே சந்திப்பாகிவிடும். தேசிய நெடுஞ்சாலை 44இல் இப்படி ஒன்று நடந்தால், வண்டி பாலத்திலிருந்து நேரே கீழ்ச்சாலைக்கு இறங்குவதாக வழி காட்டும்.

தீவு இல்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒருவழிக் குறியீட்டைக் கணக்கில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். உள்ளே போக முடிகிறது, வெளியே வர முடியவில்லை என்கிற தெருக்கள் அப்போதுதான் அகப்படும். நான்குவழிச் சாலையின் சேவைச் சாலையில் இது அடிக்கடி வரும். நடுத்தடுப்பில் எங்கெங்கே திறப்பு இருக்கிறது என்பதும் அப்படியே: ஒரு திறப்பு வரையப்படாவிட்டால் எதிர்ப்பக்கத்து ஊருக்கு அடுத்த திறப்பு வரை போய்த் திரும்ப வேண்டும். இல்லாத திறப்பு வரையப்பட்டிருந்தால் அதைவிட மோசம், ஓட்டுநர் அங்கே போய் நிற்பார்.

அடுத்தது வழித்தடச் சோதனை. 300 ஊர் இணைகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, சாலைத் தொலைவை நேர்க்கோட்டுத் தொலைவால் வகுங்கள். சமவெளியில் இந்த விகிதம் 1.2–1.6 அளவில் வரும். 2.5க்கு மேல் போனால் திறந்து பாருங்கள். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் நியாயம், இல்லாவிட்டால் ஏதோ அறுந்திருக்கிறது. வத்தலக்குண்டு–கொடைக்கானல் பக்கம் இந்த அளவுகோலைப் பயன்படுத்தாதீர்கள், மலைப்பாதையில் விகிதம் இயல்பாகவே ஏறும்.

விடுபட்ட சாலைக்கு வருகிறேன். ஒப்பிடப் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் ஜியோசடக் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, 2022இலிருந்து பொதுவில் இருக்கிறது. அதன் சாலைகளைச் சுற்றி 15 மீட்டர் பஃபர் (சுற்றுப்பட்டை) போட்டு, ஓஎஸ்எம் நீளத்தில் எத்தனை விழுக்காடு உள்ளே விழுகிறது என்று பாருங்கள். பிறகு திருப்பிப் போடுங்கள்: ஓஎஸ்எம் சாலைக்குப் பஃபர், ஜியோசடக் நீளம் உள்ளே எவ்வளவு. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பின்னதில் வெளியே விழுவதுதான் ஓஎஸ்எம்மில் விடுபட்டிருக்க வாய்ப்புள்ளது. முன்னதில் வெளியே விழுவதை உடனே பிழை என்று எழுதாதீர்கள். ஜியோசடக் கிராமப்புறச் சாலைகளுக்கானது, நகரத் தெருக்களை அதில் தேடக்கூடாது. பஃபரை 5, 10, 15, 20 என்று மாற்றி நான்கு முறை ஓட்டுங்கள். 10இலிருந்து 15க்குப் போகும்போது விழுக்காடு சட்டென்று ஏறினால் சாலை விடுபடவில்லை, நகர்ந்திருக்கிறது.

உங்களிடம் இருக்கும் கட்டட எல்லைகள் இங்கேதான் கைகொடுக்கும். ஐந்து கட்டடங்களுக்கு மேல் கூட்டமாக இருந்தும் 200 மீட்டருக்குள் ஒரு சாலையும் இல்லை என்றால், அந்தக் குடியிருப்புக்குப் பாதை வரையப்படவில்லை என்று கொள்ளலாம். இந்தப் பட்டியலைக் கூட்டத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தி மேலிருந்து பாருங்கள். ஆனால் கணினி வரைந்த கட்டடத்தில் கோழிப்பண்ணைக் கொட்டகை, பசுமைக்குடில், வைக்கோற்போர், வெள்ளைப் பாறை எல்லாம் கட்டடமாக வந்திருக்கும். நம்பிக்கை மதிப்பு நிரல் இருந்தால் தாழ்ந்தவற்றை முதலில் கழித்துவிடுங்கள். நகரத்தில் நேர்மாறான தொல்லை: சுவரோடு சுவர் ஒட்டிய பத்து வீடுகள் ஒரே கட்டடமாக இருக்கும். எண்ணிக்கை தவறு, பரப்பு சரி. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கடைசியாக, காலம். ஓஎஸ்எம் சாலையில் இருக்கும் கடைசித் திருத்தத் தேதியை "அன்று சரிபார்க்கப்பட்டது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் முழுச் சாலைக்கும் புதுத் தேதி விழும். அதேசமயம், ஒருவர் சாலையின் முனைகளை நகர்த்தி வடிவத்தையே சரிசெய்திருந்தாலும் தேதி முனைகளில்தான் மாறும், சாலையின் தேதி பழையதாகவே இருக்கும். எந்த மூலத்தைப் பார்த்து வரைந்தார்கள் என்பது மாற்றத்தொகுப்புக் குறிப்பில் (திருத்தத்தோடு திருத்தியவர் எழுதும் குறிப்பு) இருந்தால் அதைப் பாருங்கள்.

---

வேடசந்தூரான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பிபிஎஃப் கோப்பை இறக்கிவிட்டேன். மேற்பரப்பு நிரல் சில சாலைகளுக்கு இருக்கிறது, பலவற்றுக்குக் காலி. இருப்பவை எவ்வளவு சரி என்று தெரிய எத்தனை சாலைகளைப் போய்ப் பார்க்க வேண்டும்? கொடைக்கானல் பக்கம் சாலை நீளம் குறைவாகக் காட்டுகிறதோ என்ற சந்தேகமும் இருக்கிறது. ஊர்ப் புள்ளிகள் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்த ஷேப்ஃபைலில் சில பெயர்கள் பாதியில் அறுந்து, கடைசியில் கேள்விக்குறிக் கட்டத்தோடு நிற்கின்றன. தேடினால் சில ஊர்கள் கண்ணுக்குத் தெரிந்தும் கிடைக்க மாட்டேன் என்கின்றன.

---

கொம்பு சுழி எழுதியது:

பெயர் அறுவதற்குக் காரணம் ஷேப்ஃபைலேதான். அதன் விவர நிரல்களை வைத்திருக்கும் டிபிஎஃப் கோப்பில் நிரலின் அகலம் பைட்டில் கணக்காகிறது. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். மெய்யெழுத்து ஒரு குறி, அதன் மேல் புள்ளி ஒரு குறி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. "திண்டுக்கல்" என்ற ஆறு எழுத்துச் சொல் 11 குறிகள், அதாவது 33 பைட். நிரல் அகலம் 50 என்றால் 16 குறிகளில் இடம் தீர்ந்து, 17ஆவதின் நடுவில் வெட்டுவிழும். நீங்கள் பார்க்கும் கட்டம் அந்த அரைகுறை எழுத்து. அறுந்ததை மீட்க முடியாது, மூலத்தில் தேட வேண்டும். இனிமேல் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் வையுங்கள். கோப்போடு எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி துணைக்கோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் குப்பையாகத் திறக்கும்.

தேடலில் சிக்காத ஊர்களுக்கு வேறு காரணம். "கொ" என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறி ஒன்றும், அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று. திரையில் வேறுபாடே தெரியாது, மென்பொருளுக்கு இரண்டும் வேறு சொல். எல்லாப் பெயரையும் யூனிகோடின் ஒருமைப்படுத்திய வடிவமான என்எஃப்சிக்கு மாற்றினால் இது தீரும். என்எஃப்சியாலும் தீராதவை சில உண்டு. "எ" இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு (௭). துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ளகரம். ஸ்ரீ என்பதை ஸகரத்தால் எழுதியது பாதி, ஶகரத்தால் எழுதியது மீதி. பெயருக்குள் கண்ணில் படாத இணைப்பு நீக்கிகள். தமிழ் எண் வரும் பெயர்களை எல்லாம் வடிகட்டி எடுத்துக் கையால் பாருங்கள். ஊர்ப் பெயரில் தமிழ் எண் வர வேண்டிய தேவை கிட்டத்தட்ட இல்லை.

புதுப்பட்டி, கோவில்பட்டி போன்ற பெயர்கள் ஒரே மாவட்டத்தில் பல இருக்கும். பெயரை மட்டும் வைத்து இரண்டு தரவை இணைத்தால் சுகாதார நிலையம் வேறு வட்டத்துக்குப் போய்விடும். மத்திய அரசின் உள்ளாட்சிக் கோப்பகக் குறியீட்டை ஒவ்வோர் ஊருக்கும் சேர்த்துவிட்டு, குறியீட்டின் வழியே இணையுங்கள்.

இடத்துக்குப் போகாமலே ஊர்ப் புள்ளிகளைச் சலிக்க மூன்று சோதனைகள் உண்டு. முதலில் ஆயத்தொலைவின் இலக்கங்களைப் பாருங்கள். இரண்டு தசமம் மட்டும் இருந்தால் இட நுட்பம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஐந்து தசமம் என்றால் ஒரு மீட்டர். தசமம் நீளமாக இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள்: மதிப்பை 60ஆல் பெருக்குங்கள், விடை முழு எண்ணாக வந்தால் யாரோ பாகை–கலையில் இருந்ததை மாற்றியிருக்கிறார்கள், உண்மை நுட்பம் 1.8 கிலோமீட்டர். இரண்டாவது, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 300 மீட்டருக்குள் எத்தனை கட்டடங்கள் என்று எண்ணுங்கள். பூச்சியம் வந்தால், அது பெரும்பாலும் வருவாய்க் கிராம எல்லையின் மையம். குடியிருப்பு வேறெங்கோ இருக்கும், புள்ளி கண்மாய்க்குள்கூட விழுந்திருக்கும். வண்டியை அங்கே அனுப்பினால் ஊரே இருக்காது. மூன்றாவது, ஒரே ஆயத்தொலைவில் இரண்டு மூன்று ஊர்கள் குவிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தாய்க்கிராமத்தின் புள்ளியையே அதன் குக்கிராமங்களுக்கும் போட்டு நிரப்புவது வழக்கம்.

---

கோணமானி எழுதியது:

மேற்பரப்புக்கு: சரி விழுக்காட்டை 10 விழுக்காடு முன்னே பின்னே சொன்னால் போதுமென்றால் 96 இடங்கள், 5 விழுக்காட்டுக்குள் வேண்டுமென்றால் 385. 95 விழுக்காட்டு நம்பிக்கையில் இது. 60 இடம் பார்த்து ஒரு பிழையும் இல்லை என்றாலும், உண்மைப் பிழை 5 விழுக்காடு வரை இருக்கலாம் என்றுதான் எழுத வேண்டும். மூன்றை மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல்வரம்பு வரும்.

தேர்வு செய்யும்போது ஓஎஸ்எம் சாலைத் துண்டுகளைக் குலுக்கி எடுக்காதீர்கள். வரைந்தவர் எங்கே வெட்டினாரோ அதுவே துண்டு. ஒன்று 40 மீட்டர், இன்னொன்று 9 கிலோமீட்டர். சாலை நீளத்தின் மேல் தற்செயல் புள்ளிகளை விழவைத்து, அந்தப் புள்ளிகளுக்குப் போங்கள். செலவைக் குறைக்கப் பத்து ஊரைத் தேர்ந்து அங்கேயே எல்லாம் பார்ப்பதாக இருந்தால், 96 பார்த்தாலும் 96இன் பலம் கிடைக்காது. ஒரு ஊரை ஒருவர்தான் வரைந்திருப்பார், அவருடைய பிழை அந்த ஊர் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஊர்களைக் கூட்டி, ஊருக்கு நாலைந்து புள்ளியாகக் குறையுங்கள்.

முடிவை ஒற்றை விழுக்காடாக எழுதாதீர்கள். மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால், எல்லாவற்றையும் தார் என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 90 விழுக்காடு சரி வந்துவிடும். தார் என்று குறிக்கப்பட்டவற்றில் எவ்வளவு தார், மண் என்று குறிக்கப்பட்டவற்றில் எவ்வளவு மண் என்று அட்டவணை போடுங்கள். மழைக்காலத்தில் வண்டியை மாட்டவைப்பது, மண்சாலை தார் என்று குறிக்கப்பட்ட அந்த ஒரு கட்டம்தான். அதற்கு ஏற்பு வரம்பைக் களத்துக்குப் போகுமுன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எண் வந்த பிறகு வரம்பை நிர்ணயித்தால், வந்த எண்ணுக்கேற்ப வரம்பு வளையும்.

கொடைக்கானல் பற்றிய உங்கள் சந்தேகம் சரி. கொண்டை ஊசி வளைவில் முனைகளைக் குறைத்து வரைந்தால் நீளம் சுருங்கும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 மீட்டருக்கு ஒரு முனை வைத்தால், உண்மையில் 21.9 மீட்டர் இருப்பது 20 ஆகிவிடும், அந்த வளைவில் கிட்டத்தட்ட 9 விழுக்காடு இழப்பு. கோடும் சாலையை விட்டு 3.8 மீட்டர் உள்வாங்கும். ஏற்றத்தால் கூடும் நீளம் இதோடு பார்த்தால் சொற்பம், 8 விழுக்காட்டு ஏற்றத்துக்கு 0.3 விழுக்காடுதான். எனவே மலைப்பாதையில் அடுத்தடுத்த முனைகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, வளைவுகளில் 8 மீட்டருக்கு மேல் உள்ளவற்றைத் திருத்தப் பட்டியலில் சேருங்கள். வண்டியில் போய்ப் பதிந்த ஜிபிஎஸ் தடத்தின் நீளத்தோடு ஒப்பிடும்போது, வண்டி நின்ற இடங்களில் தடம் பின்னிக்கொண்டு நீளத்தைக் கூட்டிக்காட்டும். மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்துப் புள்ளிகளை முதலில் நீக்குங்கள்.

சமவெளிக்குச் சொன்ன ஒரே நகர்வுத் திருத்தத்தை மலையில் போடவே கூடாது. செயற்கைக்கோள் படத்தை நிமிர்த்தப் பயன்படுத்திய உயர மாதிரியில் 20 மீட்டர் பிழை இருந்து, படம் 25 பாகைச் சாய்வில் எடுக்கப்பட்டிருந்தால், அந்த இடம் மட்டும் 9.3 மீட்டர் நகரும். எதிர்ச்சரிவில் உயரப் பிழை மாறினால் நகர்வின் திசையே மாறும். இரண்டு படங்கள் ஒட்டிய இடத்தில் சாலை உடைந்து ஒரு பக்கமாக விலகுவதையும் பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு சரிவுக்கும் தனியாக நான்கைந்து தடங்களைப் பதிந்து, அந்தத் தடங்களின் நடுக்கோட்டை வைத்துத்தான் சாலையைச் சரிசெய்ய வேண்டும்.

ஆர்டிகே கருவியில் உயரமும் எடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கருவி முதலில் தருவது நீள்வட்டக உயரம். தமிழ்நாட்டில் அது கடல்மட்ட உயரத்தைவிடச் சுமார் 90 மீட்டர் குறைவாக இருக்கும். எந்த ஜியாய்ட் (கடல்மட்டப் பரப்பு) மாதிரியை வைத்து மாற்றினீர்கள் என்பதை ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் எழுதி வையுங்கள்.